பவுட்லரைஸ்: இந்த ஆங்கில வினைச்சொல்லில் பலரும் சறுக்கும் இடங்கள்

ஆங்கில நாளிதழ்களின் புத்தக விமர்சனங்களில் எப்போதாவது தலைகாட்டும் வினைச்சொல் 'பவுட்லரைஸ்' (bowdlerize). ஒரு நூலிலோ படத்திலோ கண்ணியக் குறைவு என்று தோன்றுவதையெல்லாம் வெட்டி, மாற்றி, சப்பென்று ஆக்கிவிடுவதை இது குறிக்கும். தாமஸ் பவுட்லர் (1754–1825) என்ற ஆங்கிலேய மருத்துவர் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைக் குடும்பத்தோடு படிக்க ஏற்றபடி 'சுத்தம்' செய்தார், அவர் பெயரே வினைச்சொல் ஆனது. இதுவரைக்கும் பெரும்பாலானோர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். குழப்பமெல்லாம் இதற்கு அப்புறம்தான்.

உச்சரிப்பைச் சட்டென்று முடித்துவிடலாம். 'போட்லரைஸ்' என்று சொல்லாதீர்கள். பஸ்ஸில் வரும் 'ப', அதோடு பவுடரில் வரும் 'அவு'. 'போ' என்று சொன்னால் பிரெஞ்சுக் கவிஞர் போதலேர் நினைவுக்கு வருவார். 1857-ல் அவருடைய ஆறு கவிதைகளை நீதிமன்றமே தொகுப்பிலிருந்து நீக்கச் சொன்னது என்பதால் சொல் அவரிடமிருந்து வந்தது என்று நம்பிவிடக்கூட வாய்ப்பு உண்டு. இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை.

அடுத்தது, எல்லாவற்றையும் தாமஸ் ஒருவர் தலையில் கட்டுவது. 1807-ல் பாத் நகரில் முதல் பதிப்பு நான்கு தொகுதிகளாக வந்தபோது அதில் இருந்தவை 20 நாடகங்கள். அட்டையில் பதிப்பாசிரியர் பெயரே கிடையாது. வெட்டும் வேலையைச் செய்தவர் தாமஸின் அக்கா ஹென்றியட்டா மரியா, வீட்டாருக்கு ஹாரியட். ஒரு வரியை நீக்க வேண்டுமென்றால் அதிலுள்ள ஆபாசம் முதலில் புரிய வேண்டுமே! திருமணமாகாத, பக்தியுள்ள ஒரு பெண்மணி தனக்கு அதெல்லாம் புரிந்தது என்று அந்தக் காலத்தில் ஊரறியச் சொல்லிக்கொள்ள முடியாது. 1818-ல் 36 நாடகங்களோடு பத்துத் தொகுதிகளாக வந்த பெரிய பதிப்பில்தான் தாமஸின் பெயர் ஏறியது. வேலையைத் தொடங்கிவைத்தவர் அக்கா, பெயரும் பழியும் தம்பிக்கு. அதற்கும் முந்தைய விதை அவர்களுடைய அப்பா. அவர் வீட்டில் ஷேக்ஸ்பியரை உரக்கப் படித்துக் காட்டும்போது, கூடாத இடங்களைப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் தாண்டிவிடுவாராம்.

பவுட்லர் சோக நாடகங்களுக்குச் சுபமான முடிவு எழுதினார் என்று சிலர் சொல்வதும் தவறு. 'லியர் அரச'னில் லியரின் மகள் கார்டீலியாவைப் பிழைக்கவைத்து எட்கருக்குக் கல்யாணம் செய்துகொடுத்தவர் நேகம் டேட் என்ற கவிஞர். அது 1681-லேயே நடந்தது. கதையில் கைவைப்பது பவுட்லரின் வழியல்ல. மூலத்தோடு எதையும் சேர்க்கவில்லை, குடும்பத்தில் உரக்கப் படிக்கத் தகாத சொற்களை மட்டுமே நீக்கியிருக்கிறேன் என்று புத்தகத்தின் முகப்பிலேயே அவர் அறிவித்தார்.

ஆனால் அந்த வாக்கு முழுதாகக் காப்பாற்றப்படவில்லை. லேடி மக்பெத் தன் கையைத் தேய்த்தபடி "பாழாய்ப்போன கறையே" என்று கத்தும் இடத்தில், பவுட்லர் பதிப்பில் அது "செந்நிறக் கறையே" ஆகிவிட்டது. சாபம் போய் நிறம் வந்துவிட்டது. அந்த வரியின் உயிரே அந்தச் சாபத்தில்தான் இருந்தது. 'ஒதெல்லோ'வின் முதல் காட்சியில் இயாகோ பச்சையாகச் சொல்லும் உவமை "இப்போது இருவரும் சேர்ந்து இருக்கிறார்கள்" என்று மழுங்கிப்போனது. நான்காம் ஹென்றியின் இரண்டாம் பாகத்தில் டால் டேர்ஷீட் என்ற விலைமகளையே காணோம். ஆகவே, இந்த வினைச்சொல்லுக்கு 'நீக்குதல்' என்று மட்டும் பொருள் எழுதிக்கொண்டால் பாதிதான் பிடிபடும். காரமான சொல்லை எடுத்துவிட்டுச் சவசவ என்று ஒன்றை வைப்பதும் இதில் அடக்கம்.

அவரை வெறும் கோமாளியாகப் பார்ப்பதும் சரியில்லை என்பது என் கட்சி. 'ஒதெல்லோ'வை எவ்வளவு வெட்டினாலும் குடும்ப வாசிப்புக்கு ஏற்றதாக்க முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். குழந்தைகளும் ஷேக்ஸ்பியரைப் படிக்க வழி செய்தவர் என்று 1894-ல் அவரைப் பாராட்டி எழுதினார் கவிஞர் ஸ்வின்பர்ன். ஸ்வின்பர்னே ஆபாசக் கவிஞர் என்று வசை வாங்கியவர்!

சரி, சொல்லை எங்கே பயன்படுத்தக் கூடாது? ஆயிரம் பக்க நாவலை இருநூறு பக்கமாகச் சுருக்கினால் அது பவுட்லரைஸ் அல்ல. நீளம் குறைகிறது, அவ்வளவுதான். அரசாங்கம் ஒரு புத்தகத்தை அடியோடு தடை செய்தாலும் பொருந்தாது, ஏனென்றால் இங்கே படைப்பு வெளிவந்தாக வேண்டும், ஆனால் பல் பிடுங்கப்பட்டு. மனிதர்களையும் பவுட்லரைஸ் செய்ய முடியாது. முக்கியமாக, சொல்லில் ஒரு நக்கல் ஒட்டியிருக்கிறது. "உங்கள் கட்டுரையைப் பவுட்லரைஸ் செய்து தருகிறேன்" என்று நல்லெண்ணத்தோடு சொன்னால் எழுதியவர் முகம் சுருங்கும். நடுநிலையாகச் சொல்ல 'எக்ஸ்பர்கேட்' என்ற சொல் இருக்கிறது.

பாலியல் விஷயங்களுக்கு மட்டுமே உரிய சொல் என்றும் நினைக்க வேண்டாம். 2023-ல் ரோல்ட் டாலின் சிறுவர் கதைகளில் 'குண்டு' போன்ற சொற்களைப் பதிப்பகம் மாற்றியபோது, விமர்சகர்கள் எடுத்து வீசியது இதே வினைச்சொல்லைத்தான். 1836-ல் இதை எழுத்தில் பயன்படுத்திய பெரோனெட் தாம்சன் என்ற பிரிட்டிஷ் அரசியல்வாதி, பவுட்லரின் பெயர் என்பதால் பெரிய எழுத்தில் தொடங்கினார். இப்போது சிறிய எழுத்தே போதும்.