வேலையிட வழிகாட்டல் திட்டம்: வன்னியில் சேருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிளிநொச்சி அறிவியல் நகரில் படிப்பையோ தொழிற்பயிற்சியையோ முடித்து முதல் வேலையில் சேர்ந்த ஒருவரிடம், அனுபவமுள்ள ஓர் உத்தியோகத்தரை வழிகாட்டியாக இணைத்துத் தரும் திட்டத்தின் விண்ணப்பப் படிவத்தை நிறுவனம் நீட்டினால், "இதால எனக்கென்ன பிரயோசனம்?" என்றுதான் அவர் முதலில் கேட்பார். கேட்க வேண்டிய கேள்விதான் அது. பிரயோசனம் உண்டு, ஆனால் பலர் அதைத் தேடும் இடத்தில் அது இருப்பதில்லை.

இத்துறையில் அதுவரை வெளிவந்திருந்த ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2004 இல் வெளியான பகுப்பாய்வு ஒன்று, வழிகாட்டி இருந்தவர்களுக்குச் சம்பளத்திலும் பதவியுயர்விலும் கிடைத்த நன்மை சிறிதாகவே இருந்தது என்றும், வேலைத் திருப்தியிலும் தொழிலில் முன்னேறலாம் என்ற நம்பிக்கையிலும் தெரிந்த வேறுபாடு அதைவிடப் பெரிது என்றும் காட்டியது. தானாக அமைந்த வழிகாட்டல் உறவுகளே நிறுவனம் பெயர் போட்டு இணைத்த உறவுகளைவிடக் கூடுதலாகப் பயன் தந்தன என்பது 1999 இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வின் முடிவு. ஆகவே திட்டத்தில் சேருவதே தவறு என்று நான் சொல்லவில்லை. சேர்ந்துவிட்டால் மீதி தானாக நடக்கும் என்று இருந்துவிடுவதே தவறு.

எங்கள் பக்கத்தில் அதிகம் நடக்கும் தவறு, வழிகாட்டியைச் 'செல்வாக்குள்ள ஆள்' என்று எடுத்துக்கொள்வது. ஆளைப் பிடித்தால்தான் அலுவல் நடக்கும் என்பதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாங்கள் என்பதால் இந்த எண்ணம் வருவதில் வியப்பில்லை. ஆனால் அரச சேவையில் மேலே போகச் சித்தியடைய வேண்டிய வினைத்திறன் தடைதாண்டல் பரீட்சையையோ, ஏற்கெனவே சேவையில் உள்ளவர்களுக்கான மட்டுப்படுத்தப்பட்ட போட்டிப் பரீட்சையையோ, இரண்டாம் அரசகரும மொழித் (எங்களுக்குச் சிங்களம்) தேர்ச்சிப் பரீட்சையையோ எந்த வழிகாட்டியும் உங்களுக்காக எழுதித் தர முடியாது. எந்தப் பாடத்தில் பலர் சறுக்குகிறார்கள், எந்தச் சுற்றறிக்கையை வாசிக்க வேண்டும், விண்ணப்பத்தை எந்த மேசையில் கொடுத்தால் தேங்காது என்பவற்றை அவர் சொல்லலாம். அந்தளவே பெரிய உதவி. தனியார் நிறுவனத்தில், நீங்கள் இல்லாத கூட்டத்தில் உங்கள் பெயரைச் சொல்லி "இவருக்குக் கொடுங்கள்" என்று பேசும் ஒருவர் தேவைப்படலாம் என்பது உண்மை. அது வழிகாட்டலிலிருந்து வேறான உதவி. உங்கள் வேலையை நேரில் பார்த்த ஒருவரே அதைச் செய்வார், முதற் சந்திப்பிலேயே கேட்டு வாங்கக்கூடியதும் அல்ல.

அடுத்த தவறு, தன் நேரடி மேலதிகாரியையே வழிகாட்டியாகத் தெரிவு செய்வது. உங்கள் வருடாந்த மதிப்பீட்டை எழுதும் கைக்கு முன்னால் "எனக்கு இந்த வேலை விளங்கவில்லை" என்று யாரும் மனந்திறந்து சொல்ல மாட்டார்கள். சிறிய இடங்களில் இதற்கு இன்னொரு முகமும் உண்டு: புதுக்குடியிருப்பிலோ மாங்குளத்திலோ வழிகாட்டி உங்கள் மாமாவின் கூட்டாளியாகவும் கோயில் நிர்வாகத்தில் ஒருவராகவும் இருக்கலாம், காலையில் அலுவலகத்தில் சொன்னது பொழுதுபடமுன் வீட்டுக்கு வந்துவிடலாம். வவுனியாவிலோ யாழ்ப்பாணத்திலோ உள்ள வேறு கிளையிலிருந்து ஒருவரைக் கேட்டுப் பெறுவதே நல்லது. பாதிச் சந்திப்புகள் தொலைபேசியில் நடந்தாலும் பரவாயில்லை.

இவற்றைவிடக் கூடுதலாகப் பயனைக் கெடுப்பது, மரியாதை என்ற பெயரில் வாய் மூடியிருப்பது. "ஓம் சேர்", "சரி சேர்" என்று தலையாட்டிவிட்டு எழும்பி வருகிறவருக்கு, வழிகாட்டி தன் பழைய கதைகளைத்தான் சொல்லிக்கொண்டிருப்பார். அவரிலும் பிழை இல்லை, வேறு எதைச் சொல்வது என்று அவருக்குத் தெரியாது. "நான் எப்படி முன்னேறலாம்?" என்ற கேள்வியும் ஏறக்குறைய மௌனந்தான். அதற்குப் பதிலாக, "போன மாதம் நான் எழுதிய கள அறிக்கையைத் திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பினார்கள், இந்த மூன்று பந்திகளில் என்ன குறை?" என்று கடதாசியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டால், அரை மணித்தியாலத்தில் ஒரு வருடத்துக்கான பாடம் கிடைக்கும். அடுத்த சந்திப்புக்குத் திருத்திய பிரதியுடன் போக வேண்டும். போகாவிட்டால் இரண்டாவது முறை அவர் அவ்வளவு அக்கறை எடுக்கமாட்டார்.

இங்கே, 2009 வரையான இடப்பெயர்வுகளில் பள்ளிக்கூடம் தடைப்பட்ட பலர் இன்று முப்பதுகளில் வேலையில் இருக்கிறார்கள். ஆங்கிலத்திலோ கணக்கிலோ கணினியிலோ உள்ள இடைவெளியை மறைக்கவே அவர்களில் சிலர் பாடுபடுகிறார்கள். நடந்த கதையை யாருக்கும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கில்லை, அதைத் துருவிக் கேட்கும் உரிமை வழிகாட்டிக்கும் இல்லை. ஆனால் "எக்செல்லில் எனக்கு அடிப்படையே தெரியாது" என்ற ஒரு வசனத்தைச் சொல்லாமல் விட்டால், ஆறு மாதத் திட்டம் தலைமைத்துவம் பற்றிய பேச்சிலேயே முடிந்துவிடும்.

சந்திப்பின் நேரத்தையும் இடத்தையும் தொடக்கத்திலேயே பேசிக்கொள்ளுங்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டிய ஒருவருக்கு மாலை ஐந்து மணிச் சந்திப்பு உதவியல்ல, உபத்திரவம். குறிப்பாகப் பெண்கள், அலுவலக நேரத்தில் அலுவலகத்திலேயே சந்திப்போம் என்று கேட்கத் தயங்கக்கூடாது. இரவில் வட்ஸ்அப்பில் நீளும் 'வழிகாட்டல்' திட்டத்தின் பகுதியல்ல.

சிலருக்கு இத்திட்டம் இப்போதைக்குத் தேவையும் இல்லை. உங்கள் அடுத்த படியைத் தடுப்பது தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழின் ஒரு மட்டமோ, சிங்களத் தேர்ச்சியோதான் என்றால், அந்த மணித்தியாலங்களை வகுப்பில் செலவிடுவது கெட்டித்தனம். சேர்ந்த பிறகு இரண்டு மூன்று சந்திப்புகள் வெறும் சுகநல விசாரிப்பாகவே கழிந்தால், திட்டத்தை நடத்தும் மனிதவளப் பிரிவிடம் ஆளை மாற்றித் தரும்படி கேட்கலாம். "அவர் கோவிப்பார்" என்று நினைத்து ஆறு மாதத்தைக் கடத்துபவர்கள் நிறையப் பேர். கேட்டுப் பார்த்தால், அவருக்கும் நேரமில்லாமல் இருந்ததாகவே பெரும்பாலும் தெரியவரும்.