இரும்புக்கை மாயாவியை 50 வயதுக்கு மேல் படிப்பது எப்படி

கோவில்பட்டியில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். நான் இந்த கரண்ட் தொழிலுக்கு வந்ததற்குப் பாதிக் காரணம் காமிக்ஸ் நாயகன் இரும்புக்கை மாயாவி. மீதிப் பாதி, பத்தாம் வகுப்புக் கணக்குப் பரீட்சை.

சின்ன வயதில் உயிரை விட்டுப் படித்த காமிக்ஸை மறுபடி கையில் எடுப்பவர்கள், பத்துப் பக்கத்துக்குள் “இதுக்கா அப்படி அலைஞ்சோம்?” என்று மூடி வைத்துவிடுகிறார்கள். நானும் முதல் தடவை அப்படித்தான் மூடினேன். இரண்டாம் தடவை கொஞ்சம் வேறு மாதிரி படித்துப் பார்த்தேன், பிடித்துக்கொண்டது. அந்த வழியைச் சொல்கிறேன்.

புத்தகத்தைத் தேடிப் போகும் முன், உங்கள் ஞாபகத்தில் இருப்பதை ஒரு தாளில் எழுதிவிடுங்கள். படித்த பிறகு எழுதினால் பிரயோஜனம் இல்லை, புதுசும் பழசும் கலந்துவிடும். பில் புத்தகத்தின் பின்பக்கம் நான் எழுதியது நாலே வரி: பிளக்கில் விரல் விடுவான். ஆள் மறைவான். கை மட்டும் மிதக்கும். நல்லவன்.

முதல் மூன்றும் சரி. நாலாவதில்தான் ஏமாந்தேன். 1962இல் இங்கிலாந்தின் ‘வேலியன்ட்’ வாரப் பத்திரிகையில் இந்தத் தொடர் ஆரம்பித்தபோது நம் மாயாவிக்குப் பெயர் லூயி கிராண்டல். ஆய்வுக்கூடத்தில் உதவியாளன். ஏற்கெனவே ஒரு கையை இழந்து இரும்புக்கை மாட்டிக்கொண்டவன். அங்கே நடக்கும் விபத்தில் மின்சாரம் பாய்ந்து, மறையும் சக்தி வருகிறது. சக்தி வந்ததும் ஊருக்கு நல்லது செய்யக் கிளம்பினானா? திருடப் போனான்! நியூயார்க்கையே குண்டு வைத்துத் தகர்க்கவும் பார்த்தான். அப்புறம்தான் திருந்தி, நிழற்படை என்ற ரகசிய அமைப்பில் சேர்ந்தான். எங்கள் தெரு வாடகைக் கடையில், நாளுக்கு 10 காசுக்கு எனக்குக் கிடைத்ததெல்லாம் அந்தத் திருந்திய மாயாவி போலிருக்கிறது. எழுதி வைத்திருக்காவிட்டால் எனக்கு எது மறந்தது என்பதே தெரிந்திருக்காது.

அடுத்தது, எந்தப் பிரதியை வாங்குவது. இவனைத் தமிழில் கொண்டுவந்த முத்து காமிக்ஸின் முதல் இதழ் சிவகாசியிலிருந்து 1972இல் வந்தது. அதுவே மாயாவி கதைதான். அந்தக் காலத்துப் பிரதிகளுக்கு இன்று சேகரிப்பாளர்கள் சொல்லும் விலையைக் கேட்டால் நமக்கும் கரண்ட் அடிக்கும். படிப்பதற்கு மறுபதிப்பு போதும். எழுத்து தெளிவாக இருக்கும், பக்கம் உதிராது. பழசுதான் வேண்டும் என்று மனசு அடம்பிடித்தால், அட்டையைப் பார்க்காதீர்கள், தாள்களைச் சேர்த்து அடித்திருக்கும் ஸ்டேப்ளர் பின்னைப் பாருங்கள். நாற்பது ஐம்பது வருஷத்துப் பின் துருப்பிடித்து, சுற்றியிருக்கும் தாளில் காப்பிக் கறை மாதிரி இறங்கியிருக்கும். நான் ஒரு வியாபாரிக்கு முன்பணம் அனுப்பி ‘அசல்’ என்று வாங்கியது கலர் ஜெராக்ஸ் அட்டை. பின் பளபளவென்று நேற்று அடித்தது போல மின்னியது. கேட்டதற்கு, “பழைய பின் கையைக் கிழிக்கும்னு மாத்தினேன் சார்” என்றார். என்ன அக்கறை!

சரி, இப்போது படிக்கும் முறை. இதுதான் முக்கியம். ஒரே மூச்சில் படிக்காதீர்கள். மூலத்தில் இது வாரத்துக்குச் சில பக்கங்களாக வந்த தொடர். அதனால் ஒவ்வொரு தவணையின் கடைசிக் கட்டத்திலும் மாயாவி கூரையிலிருந்து விழுவான், அல்லது சக்தி தீர்ந்து உடம்பு தெரிய ஆரம்பிக்கும். அடுத்த கட்டத்திலேயே ஒரு கம்பியைப் பிடித்துத் தப்பித்துவிடுவான். மொத்தமாகப் படித்தால் இது சலிக்கும். நான் ராத்திரி கடை அடைத்ததும் இரண்டு மூன்று பக்கம் மட்டும் படிப்பேன், அவன் விழும் இடத்தில் நிறுத்திவிடுவேன். மறுநாள் மோட்டாருக்குக் கம்பிச் சுருள் போடும்போது, எப்படித் தப்பிப்பான் என்று மனசு தானாக ஓடும். அந்த ஓட்டம்தான் ஒன்பது வயதில் இருந்தது. கதை அன்றைக்கும் இவ்வளவுதான்.

கேள்வி கேட்பதையும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஆள் மறையும்போது சட்டை எப்படி மறைகிறது, அப்படியானால் இரும்புக்கை ஏன் மறையவில்லை? தொழில்காரனாக எனக்கு இதில் நூறு சந்தேகம் உண்டு. ஆனால் அந்தக் கை மறையாததில்தான் கதையே நிற்கிறது. முழுசாக மறைந்தால் அவனை யார் துரத்துவது?

பிறகு படங்கள். சிறுவனாக இருந்தபோது வசனத்தை முழுங்கிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவர்கள் நாம். இப்போது வசனத்தை விட்டுவிட்டுப் படத்தில் நில்லுங்கள். வரைந்தவர் ஹெசூஸ் பிளாஸ்கோ, பார்சிலோனாக்காரர். வைண்டிங் கம்பியில் எனாமல் உரிந்திருக்கிறதா என்று பார்க்கும் லென்ஸை ஒருநாள் பக்கத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். இருட்டு அறை, மேசை விளக்கு, காற்றில் தொங்கும் கை. விரல் மூட்டுகளில் வெளிச்சம் படும் இடத்தை மையே இல்லாமல் வெள்ளையாக விட்டிருக்கிறார். மற்றதெல்லாம் மெல்லிய கோடுகள். அந்த வெள்ளையால்தான் அது இரும்பாகத் தெரிகிறது. சாம்பல் நிறம் இருந்ததாகவே இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

வசனத்தைத் தனியாக ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள், ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து. லண்டன் ரவுடிகள் மேடைப் பேச்சாளர் தமிழில் மிரட்டிக்கொள்வார்கள். சிரிப்பு வரும், வரட்டும். எனக்கு நாலு எழுத்து தப்பில்லாமல் வருவதற்கு அந்த ரவுடிகளும் ஒரு காரணம்.

வீட்டுப் பிள்ளைகளிடம் கொடுப்பதாக இருந்தால் ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஒன்பது வயதில் நான் டேபிள் லேம்பைக் கழற்றி, ஹோல்டருக்குள் விரலை விட்டேன். மறையவில்லை. கட்டில் காலில் போய் விழுந்தேன். மாமா முதலில் மெயினை அணைத்தார், அப்புறம் அடித்தார். வலது சுட்டுவிரல் நுனியில் தழும்பு இன்னும் இருக்கிறது.

போன மாதம் கடைப் பையனிடம் மறுபதிப்பு ஒன்றைக் கொடுத்தேன். அவனுக்கு 19 வயது, ஐ.டி.ஐ. முடித்தவன். வார்னிஷ் காய்கிற நேரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பாதி படித்தான். மாயாவி ஹை-வோல்டேஜ் கம்பியைப் பிடிக்கும் பக்கத்தில் நிறுத்தி, புத்தகத்தை என் பக்கம் திருப்பினான்.

“அண்ணாச்சி, இவன் ரப்பர் ஷூ போட்டிருக்கானா இல்லையா?”

லென்ஸை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாகக் குனிந்து பார்த்தோம்.