மண்ணியல் விரிவுரையாளர் ஆக: தென்னாப்பிரிக்காவின் நட்டால் பகுதிப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும்

மண்ணியலில் ஆய்வும் கற்பித்தலும் சேர்ந்த வேலைக்குப் போகவேண்டுமானால், முதல் முடிவு 10ஆம் வகுப்பிலேயே வந்துவிடுகிறது. கணிதம், இயற்பியல் அறிவியல் (இயற்பியலும் வேதியியலும் சேர்ந்த பாடம்) இரண்டையும் எடுங்கள். மார்க் குறையுமே என்று பயந்து அன்றாடக் கணக்கை மட்டும் கற்பிக்கும் ‘மேத்தமெட்டிக்கல் லிட்டரசி’க்கு மாறினால், மெட்ரிக்கில் (12ஆம் வகுப்பு இறுதித் தேர்வில்) எவ்வளவு வாங்கினாலும் அறிவியல் பட்டப்படிப்பில் இடம் கிடைக்காது.

டர்பன் வட்டாரத்தில் சட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கத்தவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது குவாசுலு-நட்டால் பல்கலைக்கழகத்தின் பீட்டர்மரிட்ஸ்பர்க் வளாகம். வேளாண் பி.எஸ்சி. 4 ஆண்டு. சாதாரண பி.எஸ்சி. 3 ஆண்டு, அதோடு நின்றுவிடாமல் ஹானர்ஸ் ஓராண்டு படித்தாகவேண்டும். 2003ஆம் ஆண்டின் 27ஆம் சட்டப்படி சாக்னாஸ்ப் எனப்படும் தென்னாப்பிரிக்க இயற்கை அறிவியல் தொழில் மன்றத்தில் தொழில்முறை அறிவியலாளராகப் பதிவு பெற, 4 ஆண்டுப் படிப்புக்குச் சமமான தகுதியும் பணி அனுபவமும் கேட்பார்கள். எடுத்த பாடங்களில் மண்ணியல் குறைவாக இருந்தால் மண்ணியல் பிரிவில் பதிவு கிடைப்பது கடினம். பிறகு முதுகலை 2 ஆண்டு, முனைவர் பட்டம் குறைந்தது 3 ஆண்டு.

பட்டங்களைவிட முக்கியமானது வயலில் மண்ணைப் படிக்கும் திறன். இரண்டாம் ஆண்டிலேயே பழகத் தொடங்குங்கள். இந்த நாட்டு மண் வகைப்பாடு 1977, 1991, 2018 என மூன்று பதிப்புகளாக வந்திருக்கிறது. பழைய வரைபடத்தைக் கையில் எடுத்தால் அது எந்தப் பதிப்பைச் சேர்ந்தது என்று முதலில் பாருங்கள். இனாண்டா, மாக்வா போன்ற மண் வகைகளை அடையாளம் காண, மேலடுக்கில் கரிமக் கார்பன் 1.8 சதவீதத்துக்கு மேல் இருக்கவேண்டும் என்பது ஒரு நிபந்தனை. கறுப்பாக இருக்கிறதே என்று கண்ணை மட்டும் நம்பி எழுதினால் தவறும். மாதிரி ஆய்வகத்துக்குப் போகவேண்டும்.

மண்ணின் நயம் (மணலும் வண்டலும் களியும் கலந்திருக்கும் அளவு) பார்க்க, 2 மி.மீ.க்கு மேற்பட்ட கல்லைப் பொறுக்கிவிட்டு, ஒரு பிடி மண்ணைச் சிறிது சிறிதாக நனைத்துப் பிசையுங்கள். நட்டாலின் செம்மண்ணில் இரும்பு ஆக்சைடு களித்துகள்களைச் சிறு மணிகளாக இறுக்கிப் பிடித்திருக்கும். அதனால் முதலில் மணல்போல நறநறக்கும். பிசையப் பிசைய மணிகள் உடைந்து களி வெளிப்படும். உணர்வு மாறுவது நிற்கும்வரை பிசையாமல் ‘மணற்பாங்கு’ என்று எழுதுவதுதான் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. ஆய்வகத்திலும் இதே சிக்கல்தான்: துகள்கள் முழுதாகப் பிரியாவிட்டால் களி அளவு குறைத்துக் காட்டும்.

அமிலநிலை (pH) எண்களிலும் கவனம் வேண்டும். இங்குள்ள ஆய்வகங்கள் பெரும்பாலும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் அளக்கின்றன. தண்ணீரில் அளப்பதைவிட இது பொதுவாக அரை முதல் ஒரு புள்ளி குறைவாக வரும். எந்த முறை என்று குறிக்காமல் வெளிநாட்டுக் கட்டுரையோடு ஒப்பிட்டால், மண்ணுக்கு எவ்வளவு சுண்ணாம்பு இடவேண்டும் என்ற பரிந்துரையே பிசகிவிடும். ஆய்வேட்டில் ஒவ்வொரு அட்டவணையிலும் முறையை எழுதுங்கள்.

கற்பிக்கும் அனுபவத்துக்கு, ஹானர்ஸ் முதலே செய்முறை வகுப்புகளில் உதவியாளராகச் சேருங்கள். மண் அடுக்குகளைக் காட்ட வகுப்புக்குக் குழி வெட்டும்போது வெளிச்சம் படும் பக்கத்தைப் பார்க்கும் முகமாக வையுங்கள். மேல்மண்ணையும் அடிமண்ணையும் தனித்தனியாகக் குவித்தால்தான் மூடும்போது வயல் கெடாது. முட்டுக் கொடுக்காமல் 1.5 மீட்டருக்கு மேல் தோண்டவே கூடாது; ஓரத்தில் மாணவர்கள் நின்றால் சுவர் சரியும், உயிர்போகும் ஆபத்து இது. மண்ணின் நிறத்தை ஒப்பிட்டுக் குறிக்கும் மன்செல் வண்ண அட்டையை வெயிலில், கறுப்புக் கண்ணாடி இல்லாமல், காய்ந்த மண்ணுக்கும் ஈர மண்ணுக்கும் தனித்தனியாகப் பார்க்கவையுங்கள்.

விரிவுரையாளர் பதவிக்கு முனைவர் பட்டம் முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உயர்கல்வித் துறையின் புதிய தலைமுறைக் கல்வியாளர் திட்டத்தில் அறிவிக்கப்படும் இடங்களுக்கு முதுகலை முடித்ததும் முயலலாம். வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டம் முடிக்க அதில் வழி உண்டு. விண்ணப்பத்தில் வயல் அறிக்கை ஒன்றையும், நடத்திய செய்முறை வகுப்புகளின் பட்டியலையும் சேர்த்து அனுப்புங்கள்.