தாத்தா நிலத்துல பங்கு கேட்டு கேஸ் போடப் போறீங்களா? முதல்ல இதப் பாருங்க

"பட்டா என் பேர்ல இருக்கு, உனக்கு ஏது பங்கு"ன்னு சொன்னா மிரண்டுறாதீங்க, பட்டா ரெவின்யூ ரெக்கார்டு, அத மட்டும் வச்சு உரிமை முடிவாகாது. பெரியப்பா பேர்ல பட்டா இருக்குன்னு எங்கப்பா 8 வருஷம் சும்மா இருந்துட்டாரு.

முதல் வேலை, தாத்தால ஆரம்பிச்சு வம்சாவளி எழுதுங்க, இறந்த தேதியோட, அத்தைங்களயும் சேர்த்து. அவங்கள விட்டுட்டு கேஸ் போட்டா, வாரிசு எல்லாரையும் பார்ட்டியா சேர்க்கலன்னு எதிர் வக்கீல் அதுலயே புடிச்சுக்குவாரு. இந்துக் குடும்பத்துல, இந்து வாரிசுரிமைச் சட்டத்தோட 2005 திருத்தத்துக்கு அப்புறம் பூர்வீகச் சொத்துல பொண்ணுக்கும் பிறப்பால பங்கு உண்டு, திருத்தம் அமலுக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்னைக்கு அப்பா உயிரோட இருந்திருக்கணும்னு இல்லன்னு 2020ல வினீதா சர்மா கேஸ்ல சுப்ரீம் கோர்ட்டே சொல்லிருச்சு. ஆனா 2004 டிசம்பர் 20க்கு முன்னாடியே ரிஜிஸ்டர் பண்ணி பாகம் பிரிச்சிருந்தா இந்தத் திருத்தத்த வச்சு அதக் கிளற முடியாது.

அடுத்து பேப்பர். மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று (சொத்து மேல பதிவான பத்திரங்களோட பட்டியல்), அ-பதிவேடு (சர்வே நம்பர்வாரி நில விவரம் இருக்குற ரெவின்யூ பதிவேடு), புலப்படம் (நிலத்தோட அளவு வரைபடம்), வாரிசு சர்டிபிகேட். பத்திரம் அவங்க பீரோவுல இருக்கேன்னு கவலப்படாதீங்க, வில்லங்கத்துல டாக்குமெண்ட் நம்பர் பாத்து ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நகல் மனு போட்டா போதும்.

அப்புறம் வக்கீல் நோட்டீஸ், மசியலன்னா பாகப்பிரிவினை வழக்கு, கூடவே விக்கக்கூடாதுன்னு இடைக்காலத் தடை மனு. குடும்பச் சொத்து எல்லாத்தையும் ஒரே வழக்குல காட்டுங்க. நடுவுல சமாதானம் வந்தா லோக் அதாலத்துல (மக்கள் நீதிமன்றம்) முடிச்சுக்கலாம், அந்த உத்தரவுக்கு அப்பீல் கிடையாது, கோர்ட் பீஸும் திரும்பக் கிடைக்கும்.

நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான்: முதல்நிலை தீர்ப்பு வந்ததும் ஜெயிச்சாச்சுன்னு ஸ்வீட் வாங்கிருவாங்க. அது 3ல 1 பங்குன்னு சொல்லுமே தவிர எந்த மூலைன்னு சொல்லாது, அதுக்கு இறுதித் தீர்ப்பு தனியா வாங்கணும், அட்வகேட் கமிஷனர் (கோர்ட் நியமிக்கிற வக்கீல்) சர்வேயரோட வந்து அளப்பாரு. எங்களுக்கு அளக்க வந்தப்ப ஒரு சர்வே கல்லக் காணோம், சர்வேயர் மேப்ப பைக் சீட்டுல விரிச்சு வச்சுக்கிட்டு அரைமணி நேரம் தேடுனாரு, கடைசில பாத்தா பெரியப்பா அதுலதான் மாட்டக் கட்டியிருக்காரு!

அன்னைக்கு கண்டிப்பா ஸ்பாட்ல இருங்க. கிணத்துல பங்கு, வண்டிப்பாதை, மோட்டார் முறை எல்லாம் ரிப்போர்ட்ல ஏறணும், தப்பா இருந்தா உடனே ஆட்சேபணை போடுங்க. இறுதித் தீர்ப்பு வந்ததும் கோர்ட்ல முத்திரைத்தாள் குடுத்து அதுல தீர்ப்ப எழுதி வாங்கி, தாலுகா ஆபீஸ்ல உட்பிரிவு பட்டாவுக்கு (உங்க பங்க தனியாப் பிரிச்சுத் தர்ற பட்டா) எழுதிக் குடுத்துருங்க.