வசனத்தை வாழ்க்கைக்குக் கொண்டுவருவது எப்படி? யாக்கோபு 1:19-ஐ வைத்து ஒரு வாரப் பயிற்சி

டிசம்பர் 31 இரவு ஆராதனை முடிந்து வீடு திரும்பும்போது நம்மில் பலருடைய கையில், புத்தாண்டுக்கான வசனம் அச்சிட்ட ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கும். அதைப் பீரோ கதவில் ஒட்டிவைக்கிறோம். ஆண்டு முழுவதும் கண்ணில் படுகிறது. சோர்வான நாட்களில் ஆறுதலும் தருகிறது. ஆனால் அதே பீரோவுக்கு முன்னால் நின்றுகொண்டு வீட்டில் உள்ளவர்களிடம் நாம் பேசும் தொனியை அந்த வசனம் தொடுகிறதா என்று கேட்டால், பெரும்பாலும் பதில் சொல்லத் தயங்குவோம். வேதாகமத்தை இப்போதுதான் வாசிக்கத் தொடங்கியிருப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்பதும் இதுதான்: "வாசித்துவிட்டேன், இனி என்ன செய்வது?" அவர்களுக்காகவே இந்தச் செய்முறையை எழுதுகிறேன். பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது என்பதால், யாக்கோபு 1:19, 20 என்ற இரண்டு வசனங்களை மட்டும் எடுத்துக்கொண்டு தொடக்கம் முதல் இறுதி வரை செய்து காட்டுகிறேன். இந்தப் பகுதியைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், இதற்குக் கீழ்ப்படிகிறோமா இல்லையா என்பது அன்று மாலைக்குள் வீட்டாருக்கே தெரிந்துவிடும் என்பதுதான்.

உங்களுக்கு வேண்டியவை ஒரு வேதாகமம், ஒரு நோட்டு, ஒரு பேனா, காலையில் 20 நிமிடம், இரவில் 5 நிமிடம். கைபேசியில் வாசிப்பது தவறில்லை. ஆனால் இந்த ஒரு வாரத்துக்கு மட்டும் அச்சுப் புத்தகத்தில் வாசித்து, கையால் எழுதிப் பாருங்கள். இடையில் ஒரு செய்தி வந்து விழுந்தால் தியானம் அங்கேயே அறுந்துவிடும்.

முதல் படி: வசனத்தைப் பிய்த்தெடுக்காமல் வாசியுங்கள்

யாக்கோபு நிருபத்தில், அதாவது அவர் எழுதிய கடிதத்தில், 5 அதிகாரங்களே உள்ளன. முதல் நாள் அதை ஒரே அமர்வில் முழுவதும் வாசித்துவிடுங்கள். புரியாத இடங்களில் நிற்க வேண்டாம். பிறகு முதல் அதிகாரத்தை மட்டும் வாய்விட்டு மறுபடி வாசித்து, 19, 20 வசனங்களை நோட்டில் எழுதுங்கள்:

"ஆகையால், என் பிரியமான சகோதரரே, யாவரும் கேட்கிறதற்குத் தீவிரமாயும், பேசுகிறதற்குப் பொறுமையாயும், கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள், மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே."

இது பழைய மொழிபெயர்ப்பின் தமிழ் என்பதால் சொற்களைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். இன்று "தீவிரம்" என்றவுடன் நமக்குக் கடுமைதான் நினைவுக்கு வருகிறது. இங்கே அதற்கு விரைவு என்று பொருள். "பொறுமையாயும்", "தாமதமாயும்" என்று தமிழில் இரண்டு சொற்கள் இருந்தாலும், கிரேக்க மூலத்தில் இரண்டு இடங்களிலும் மெதுவானவர் என்னும் பொருள்தரும் ஒரே சொல்தான் வருகிறது. ஆக, கேட்பதில் வேகம், பேசுவதில் நிதானம், கோபத்திலும் அதே நிதானம். நாம் வழக்கமாக இதை அப்படியே தலைகீழாகச் செய்கிறோம் என்பது எழுதும்போதே உறைக்கும். "யாவரும்" என்ற சொல்லின் கீழே ஒரு கோடு போடுங்கள். முன்கோபம் உள்ளவர்களுக்கு மட்டும் இது எழுதப்படவில்லை.

இரண்டாம் படி: முதலில் கேட்டவர்கள் யார் என்று பாருங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் தாண்டிப்போகும் படி இது. எரேமியா 29:11-இல் உள்ள "சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்ற வாக்கை வேலைக்கான நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர் கையில் கொடுத்து அனுப்புகிறோம். ஆனால் அது பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு எழுதப்பட்ட கடிதம். எழுபது வருஷம் நிறைவேறிய பிறகே அவர்களைத் திரும்ப வரப்பண்ணுவேன் என்று தேவன் சொல்வது அதற்கு முந்தைய வசனத்திலேயே இருக்கிறது. அந்த எழுபது வருஷத்தைத் தெரிந்துகொண்டு வாசிக்கும்போது அந்த வாக்கு நீண்ட காத்திருப்பைத் தாங்கும் பலமுள்ளதாக ஆகிறது. நாளைக்கே கேட்டது கிடைக்கும் என்ற தவறான எதிர்பார்ப்பும் விலகுகிறது.

யாக்கோபின் வாசகர்களையும் அப்படியே தேடுங்கள். முதல் வசனம் "சிதறியிருக்கிற" கோத்திரங்களைக் குறிப்பிடுகிறது. சோதனைகளைப் பற்றிப் பேசியே நிருபம் தொடங்குகிறது. இரண்டாம் அதிகாரத்தில் பொன்மோதிரம் அணிந்தவனுக்கு நல்ல இடமும் ஏழைக்குப் பாதபடியருகே இடமும் கொடுக்கிற கூட்டத்தைப் பார்க்கிறோம். நான்காம் அதிகாரத்தில் அவர்களுக்குள்ளே சண்டைகள். ஐந்தாம் அதிகாரத்தில் வயல் அறுத்தவர்களுக்குக் கூலி கொடுக்காமல் பிடித்துவைத்த ஐசுவரியவான்கள். கோபப்படுவதற்கு நியாயமான காரணம் உள்ளவர்களும் அவர்களுக்குள் இருந்தார்கள். "நான் கோபப்பட்டால்தான் இங்கே நியாயம் நடக்கும்" என்று நினைக்கக்கூடிய மனிதர்களிடம்தான், மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்காது என்று அவர் சொல்கிறார். பிள்ளையைத் திருத்த வேண்டும், அலுவலகத்தில் ஒழுங்கு வர வேண்டும் என்று நாம் நம் கோபத்துக்குச் சொல்லும் எல்லாக் காரணங்களும் அந்த ஒரு வரியின் முன்னால் நிற்க வேண்டியிருக்கிறது.

மூன்றாம் படி: தேவனைப் பற்றி என்ன தெரிகிறது என்று கேளுங்கள்

நடத்தையைப் பற்றிய வசனத்திலிருந்து நேராக நம் நடத்தைக்குத் தாவினால், நற்பண்புகளின் பட்டியல் ஒன்றுதான் கையில் மிஞ்சும். யாத்திராகமம் 34:6-இல் தேவன் மோசேக்கு முன்பாகக் கடந்துபோகும்போது தம்மை "நீடிய சாந்தமும்" உள்ள தேவன் என்று கூறுகிறார். கோபிக்கத் தாமதிப்பது முதலில் அவருடைய குணம். அந்தத் தாமதத்தால்தான் நாம் இன்றும் நிற்கிறோம். கலாத்தியர் 5:22-இல் நீடியபொறுமை ஆவியின் கனியாகச் சொல்லப்படுகிறது. கனி ஒரே இரவில் பழுப்பதில்லை. மரத்தோடு ஒட்டியிருந்தால்தான் அது வளரும். இதை நோட்டில் இரண்டு வரியாக எழுதினால் போதும்.

நான்காம் படி: ஓர் ஆள், ஒரு நேரம், ஒரு செயல்

இந்தப் பயிற்சியில் மிகவும் முக்கியமான படி இதுவே. "நான் இனி கோபப்பட மாட்டேன்" என்று எழுதாதீர்கள். புதன்கிழமைக்குள் அது உடைந்துவிடும், அதோடு நோட்டும் மூடப்பட்டுவிடும். யாரிடம், எந்த நேரத்தில், என்ன செய்வேன் என்ற மூன்றுக்கும் விடையுள்ள ஒரே வாக்கியத்தை எழுதுங்கள்.

என் நோட்டிலிருந்து ஒன்றைக் காட்டுகிறேன். என் அப்பாவுக்கு இப்போது காது மந்தம். மாலை ஏழு மணி வாக்கில், நான் கைபேசியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, "பால் கணக்கு முடிச்சாச்சா?" என்று கேட்பார். "முடிச்சாச்சுப்பா" என்று தலை நிமிராமலே சொல்வேன். அவர் மறுபடி கேட்பார். என் குரல் உயரும். அவருக்குக் கேட்க வேண்டுமே என்பதற்காகத்தான் சத்தமாகப் பேசுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டாலும், அந்தச் சத்தத்தில் இருந்தது எரிச்சல்தான் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாக்கோபு 1:19-ஐ எழுதிய அந்தக் காலையில் நான் கீழே எழுதிய வாக்கியம் இது: "இன்று மாலை அப்பா கேட்கும்போது போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எழுந்துபோய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் சொல்லி முடிக்கும்வரை பதில் பேச மாட்டேன்."

முதல் இரண்டு நாட்கள் பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மூன்றாம் நாள் அவர் உள்ளே போய்த் தன்னுடைய சின்ன நோட்டை எடுத்துவந்து விரித்தார். நாங்கள் உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்த இரண்டு நாட்கள் பால் வாங்கவே இல்லை; அந்த இரண்டு நாளுக்கும் நான் பணம் கொடுத்திருந்தேன். அதைச் சொல்வதற்குத்தான் அவர் ஒரு வாரமாக அந்தக் கேள்வியைத் தொடங்கிக்கொண்டிருந்தார். "காரியத்தைக் கேட்குமுன் உத்தரம் சொல்லுகிறவனுக்கு, அது புத்தியீனமும் வெட்கமுமாயிருக்கும்" என்ற நீதிமொழிகள் 18:13-ஐ அதுவரை நான் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன். அந்த மாலையில்தான் அதிலுள்ள "வெட்கம்" என்ற சொல் எனக்குப் புரிந்தது.

உங்கள் வாக்கியம் வேறாக இருக்கும். பள்ளிவிட்டு வரும் பிள்ளை பையைக் கழற்றுவதற்குள் மதிப்பெண்ணைக் கேட்பவராக இருந்தால், முதல் பத்து நிமிடம் அவன் பேசட்டும் என்று எழுதலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் உடனுக்குடன் பதில் எறிபவராக இருந்தால், இரவில் தட்டியதைக் காலையில் மறுபடி வாசித்த பிறகே அனுப்புவேன் என்று எழுதலாம். கண்ணால் பார்க்கக்கூடிய செயலாக அது இருக்க வேண்டும். செய்தோமா இல்லையா என்று இரவில் ஆம் அல்லது இல்லை என ஒரே சொல்லில் சொல்ல முடிய வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, வசனத்தை வாசிக்கும்போது "இது என் மாமியாருக்குச் சரியாகப் பொருந்துகிறதே" என்று தோன்றினால், அந்த நினைப்பை அங்கேயே நிறுத்திவிட்டு உங்கள் பெயரை அந்த இடத்தில் எழுதுங்கள். இரண்டாவதை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்: வீட்டில் அடியும் அவமானமும் பட்டுக்கொண்டிருக்கும் ஒருவரிடம் "பேசுகிறதற்குப் பொறுமையாயிரு" என்று இந்த வசனத்தைக் கொண்டு வாயடைப்பது பெரிய பாவம். இதே நிருபத்தில் கூலி மறுக்கப்பட்டவர்களின் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் பட்டது என்று எழுதியிருக்கிறது. அப்படிப்பட்டவர்கள் பேச வேண்டும், உதவி தேட வேண்டும். கேட்கிறதற்குத் தீவிரமாயிருக்க வேண்டியவர்கள் சபையாராகிய நாம்.

ஐந்தாம் படி: எழுதியதையே ஜெபமாக்குங்கள்

நீளமான ஜெபம் தேவையில்லை. எழுதிய வாக்கியத்தை ஆண்டவரிடம் அப்படியே சொல்லி, அந்த நேரம் வரும்போது நினைப்பூட்டும்படி பரிசுத்த ஆவியானவரைக் கேளுங்கள். வசனத்தை மனப்பாடம் செய்வதும் இதற்குத்தான் உதவுகிறது. மாலை ஏழு மணிக்குப் புத்தகத்தைத் தேடி எடுக்க நேரமிருக்காது.

ஆறாம் படி: இரவில் பார்த்து, மறுநாள் தொடருங்கள்

படுக்கப்போகும் முன் நோட்டைத் திறந்து, செய்தேன் அல்லது செய்யவில்லை என்று மட்டும் எழுதுங்கள். ஏழு நாளும் அதே வாக்கியம், அதே ஆள், அதே நேரம். தினம் ஒரு புது வசனத்துக்கு ஓடாதீர்கள். கண்ணாடியில் முகத்தைப் பார்த்துவிட்டு, அவ்விடம் விட்டுப் போனவுடனே தன் சாயலை மறந்துவிடும் மனிதனைப் பற்றி யாக்கோபு முதல் அதிகாரத்தின் 23, 24 வசனங்களில் சொல்வது, பார்த்த இடத்தில் நிலைத்திருக்காத இந்த ஓட்டத்தைத்தான்.

தவறிய நாளில் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. கோபமாகப் பேசிய ஆளிடமே போய், காரணம் எதையும் சேர்க்காமல், "நான் அப்படிப் பேசியது தப்பு, மன்னித்துக்கொள்ளுங்கள்" என்று சொல்ல வேண்டும். பிள்ளையாக இருந்தாலும் சொல்ல வேண்டும். எபேசியர் 4:26 சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக எரிச்சல் தணியக்கடவது என்று நேரத்தையும் குறித்துக் கொடுத்திருக்கிறது. ஆகவே இதை மறுநாளுக்குத் தள்ளாதீர்கள். என் அனுபவத்தில், சரியாகச் செய்த நாட்களைவிட மன்னிப்புக் கேட்ட நாட்களே என்னை அதிகம் மாற்றியிருக்கின்றன.

ஏழாம் நாள் இரவில், அந்த ஆளிடமே ஏதாவது வித்தியாசம் தெரிந்ததா என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாமல் இருங்கள். அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை புதிய பக்கத்தில் யாக்கோபு 1:26-ஐ எழுதி, இரண்டாம் படியிலிருந்து மறுபடி தொடங்கலாம்; அது நாவை அடக்குவதைப் பற்றிய வசனம்.