விண்டோஸ் 11 பிரைவசி: அணைக்கும் முன் எது எங்கே இருக்கிறதென்று பாருங்கள்

புது லேப்டாப்பை முதன்முதலில் ஆன் செய்ததும் விண்டோஸ் 11 வரிசையாகக் கேள்வி கேட்கும். இருப்பிடம் தெரியலாமா, கணினி எப்படி இயங்குகிறது என்று சொல்லும் டயக்னாஸ்டிக் தரவைக் கூடுதலாக அனுப்பலாமா, நீங்கள் தட்டச்சு செய்வதைப் பார்த்து மொழிக் கருவிகளை மேம்படுத்தலாமா, உங்களுக்கேற்ற விளம்பரம் காட்ட உதவும் விளம்பர ஐடியைப் பயன்படுத்தலாமா என்று. எல்லா சுவிட்சும் ஏற்கெனவே 'ஆம்' பக்கம் தள்ளித்தான் இருக்கும். கீழே 'அக்செப்ட்' பொத்தான். பில் போடும் அவசரத்தில் பல கடைகளில் ஊழியரே அதை அழுத்திக் கொடுத்துவிடுகிறார். பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு இது. ஆனால் பத்து நிமிடத்தில் சரிசெய்துவிடலாம்.

அதைவிடப் பெரிய தவறு, பின்னாளில் பயந்துபோய் எல்லாவற்றையும் ஒரே அடியாக அணைப்பது.

போன வருடம் அண்ணி போன் செய்தார். "தம்பி, லேப்டாப்ல எதை மாத்தப் போனாலும் 'உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது'ன்னு இங்கிலீஷ்ல வருது. வீட்டு லேப்டாப்புக்கு ஏது நிறுவனம்?" போய்ப் பார்த்தேன். செட்டிங்ஸில் பாதி சுவிட்சுகள் சாம்பல் நிறத்தில் உறைந்து கிடந்தன. யாரோ ஒரு வீடியோவில் 'ஒரே கிளிக்கில் உளவை நிறுத்துங்கள்' என்று சொன்ன டூலை அண்ணி இறக்கி ஓட்டியிருக்கிறார். நிறுவனங்கள் தங்கள் கணினிகளைக் கட்டுப்படுத்த வைத்திருக்கும் விதிகளையே அந்த டூல், விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் ரெஜிஸ்ட்ரியில் எழுதிவிட்டது. அதனால்தான் அந்த வாசகம். விளம்பரம் நின்றது உண்மைதான். கூடவே விண்டோஸ் அப்டேட்டும் நின்றுபோயிருந்தது, ஆப் ஸ்டோரும் காணாமல் போயிருந்தது. எந்த விதியை எங்கே எழுதியது என்று தேடி மாளவில்லை. கடைசியில் கோப்புகளை ஹார்ட் டிஸ்கில் எடுத்துவைத்துவிட்டு ரீசெட் செய்தோம்.

அப்டேட் நிற்பதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். 2017 மே 12 அன்று உலகெங்கும் கணினிகளைப் பூட்டிப் பணம் கேட்ட வான்னாக்ரை என்ற தீய நிரல், எந்த ஓட்டை வழியாகப் பரவியதோ அதை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. இரண்டு மாதமாக அதைப் போடாத கணினிகள்தான் மாட்டின. பிரைவசிக்காக அப்டேட்டை நிறுத்துவது, யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று ஜன்னலுக்குத் திரை போட்டுவிட்டு வாசற்கதவைத் திறந்து வைத்த கதைதான். தொந்தரவாக இருந்தால் சில வாரங்களுக்கு ஒத்திவைக்கும் வசதி அப்டேட் பக்கத்திலேயே இருக்கிறது. அது போதும்.

எதைத் தைரியமாக அணைக்கலாம்? செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' போங்கள். விளம்பர ஐடியை அணையுங்கள். டயக்னாஸ்டிக் பகுதியில் 'ஆப்ஷனல்' (கூடுதல்) தரவையும், அதை வைத்து உங்களுக்கேற்ற பரிந்துரை காட்டுவதையும் அணையுங்கள். இவற்றால் எந்த வேலையும் கெடாது. 'ரிக்வயர்டு' (கட்டாய) தரவு மட்டும் ஹோம் பதிப்பில் போய்க்கொண்டுதான் இருக்கும். அதற்கு அங்கே சுவிட்ச் கிடையாது. விளம்பர ஐடியை அணைத்தால் விளம்பரமே வராது என்றும் நினைக்க வேண்டாம். உங்களைக் கவனித்துப் பொருத்துவது நிற்கும், அவ்வளவுதான்.

இங்கே பலர் தவறவிடும் ஒன்று உண்டு. சுவிட்சை அணைத்தால் இனிமேல் போவதுதான் நிற்கும், ஏற்கெனவே போனது அங்கேயே இருக்கும். டயக்னாஸ்டிக் பக்கத்திலேயே கீழே 'டெலிட்' பொத்தான் இருக்கிறது, அதையும் அழுத்துங்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கின் பிரைவசி பக்கத்தில் தேடல், இருப்பிட வரலாறு இருந்தால் தனியாக அழியுங்கள்.

கேமரா, மைக் அனுமதியிலும் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. ஸ்டோரிலிருந்து வந்த ஆப்களுக்குத் தனித்தனி சுவிட்ச் உண்டு. இணையத்திலிருந்து நேரடியாக இறக்கி நிறுவும் மென்பொருள்களுக்கோ 'டெஸ்க்டாப் ஆப்ஸ்' என்று மொத்தமாக ஒரே சுவிட்ச்தான். ஆனால் கடைசியாக எது, எப்போது கேமராவைத் தொட்டது என்று அதன்கீழ் பட்டியல் வரும். மாதம் ஒருமுறை அதைப் பாருங்கள்.

போன் ஹாட்ஸ்பாட்டில் வேலை செய்பவர்கள் அந்த இணைப்பை 'மீட்டர்டு' (டேட்டா அளவோடு வருவது) என்று குறித்துவிடுங்கள், பின்னணியில் டேட்டா கரைவது வெகுவாகக் குறையும். ரயில் நிலையம், விடுதி வைஃபை என்றால் 'பப்ளிக்' நெட்வொர்க் என்று தேர்ந்தெடுங்கள்.

இனி ஒன்டிரைவ், அதாவது மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பிடம். என்னிடம் வரும் கேள்விகளில் கண்ணீரோடு வருபவை பெரும்பாலும் இதில்தான். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து பேக்கப் இயங்கத் தொடங்கியதும் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ் மூன்றும் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இடம்பெயர்கின்றன. பெயர் மாறாது, ஐகானும் மாறாது. அதனால் பலருக்குத் தெரிவதே இல்லை. இலவச இடம் 5 ஜிபிதான். கல்யாண ஆல்பம் ஒன்றிலேயே அது நிரம்பிவிடும். 'இடம் போதவில்லை' என்று எச்சரிக்கை வந்ததும் இணையத்தில் ஒன்டிரைவைத் திறந்து, 'கணினியில்தான் படங்கள் இருக்கின்றனவே' என்று அங்கே அழிக்கிறார்கள். இரண்டும் ஒரே கோப்பு. அங்கே அழித்தால் இங்கேயும் போய்விடும். அழித்துவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். தனிநபர் கணக்கில் ஒன்டிரைவின் ரீசைக்கிள் பின் சாதாரணமாக 30 நாள் வைத்திருக்கும், அதற்குள் மீட்டுவிடுங்கள்.

இன்னொரு வகை: பிரைவசி வேண்டுமென்று ஒன்டிரைவை நேரே அன்இன்ஸ்டால் செய்வது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் கோப்பின் பக்கத்தில் ஒரு சின்னக் குறி இருக்கும். பச்சை டிக் என்றால் கோப்பு கணினியில் இருக்கிறது. நீல மேகம் என்றால் பெயர் மட்டும்தான் இங்கே, சரக்கு அங்கே. மேகக் குறியோடு இருக்கும்போது ஒன்டிரைவைத் தூக்கினால் அந்தக் கோப்பு உங்கள் கணினியில் இருக்காது. ஆகவே முதலில் ஃபோல்டரை ரைட் கிளிக் செய்து 'ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ்' கொடுங்கள். எல்லாம் பச்சையாகும்வரை காத்திருந்து, வெளி டிஸ்கில் ஒரு பிரதி எடுங்கள். அதன் பிறகு பேக்கப்பை நிறுத்துங்கள். நிறுத்தியதும் டெஸ்க்டாப் காலியாகத் தெரிந்தால் ஒன்டிரைவ் ஃபோல்டருக்குள் இருக்கும் டெஸ்க்டாப்பில் தேடுங்கள், அங்கே இருக்கும்.

கடைசியாக, மைக்ரோசாஃப்ட் கணக்கையே மூடிவிட நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். இப்போது வரும் பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டு, அதைத் திறக்கும் ரிகவரி கீ உங்கள் கணக்கில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அன்றாடம் அதைக் கணினி கேட்காது. கணினியைத் தொடக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸை அப்டேட் செய்தாலோ மதர்போர்டு மாற்றினாலோ ஒருநாள் நீலத் திரையில் அந்த 48 இலக்கங்களைக் கேட்டு நிற்கும். கணக்கை மூடியிருந்து, கீயும் கையில் இல்லையென்றால் டிஸ்கில் உள்ள எதையும் யாராலும் எடுத்துத் தர முடியாது. கடைக்காரராலும் முடியாது, மைக்ரோசாஃப்டாலும் முடியாது. கணக்கைத் தொடும் முன் கீயைத் தாளில் எழுதிவிடுங்கள்.

ரீசெட் முடிந்த அன்றே அண்ணிக்கும் எழுதிக் கொடுத்தேன். ஆறு ஆறு இலக்கமாக எட்டுத் தொகுதி. அவர் ஒருமுறை வாசிக்க, நான் திரையில் சரிபார்த்தேன். அந்தத் தாள் இப்போது அவர் வீட்டு பீரோவில், ரேஷன் கார்டு இருக்கும் கவருக்குள் இருக்கிறது.