ஆசை வந்து நின்னதுக்கு அப்புறம் சண்டை போடாதீங்க, அதுக்கு முன்னாடியே வேலைய முடிச்சுடுங்க

ராத்திரி படுக்கும்போது நம்ம எல்லாருமே பெரிய வைராக்கியசாலிங்கதான். நாளைலேர்ந்து காலைல எந்திரிச்சு படிக்கணும், ஓடணும், சம்பளம் வந்ததும் முதல்ல சேமிப்புல போட்டுட்டுதான் மத்த செலவுன்னு என்னென்னமோ முடிவு பண்ணுவோம், காலைல அலாரம் அடிக்கும்போது அந்த ஆள் எங்க போனாருன்னே தெரியாது. மயான வைராக்கியம்னு பெரியவங்க சொல்வாங்கல்ல, அதே கதைதான். உடனே "எனக்கு மன உறுதி பத்தல"ன்னு நம்மள நாமே திட்டிக்க ஆரம்பிச்சிடுவோம். என்னைக் கேட்டா அந்தத் திட்டு வேஸ்ட்டு, ஏன்னா ஆசை கைக்கெட்டுற தூரத்துல வந்து நின்னதுக்கு அப்புறம்தான் நம்ம சண்டைக்கே போறோம், அந்த நேரத்துல போனா முக்காவாசி பேரு தோக்கத்தான் செய்வாங்க.

ஏன் தோக்குறோம்னு மொதல்ல பாத்துடலாம். 2017ல பொருளாதாரத்துக்கு நோபல் வாங்குன ரிச்சர்ட் தேலர், 1981ல எழுதுன ஒரு கட்டுரைல ஆப்பிள வச்சு இத சொல்றாரு. இன்னைக்கு ஒரு ஆப்பிளா, நாளைக்கு ரெண்டான்னு கேட்டா சில பேருக்கு இன்னைக்கே ஒன்னு போதும்னு தோணும். சரி, ஒரு வருஷம் கழிச்சு ஒன்னா, இல்ல ஒரு வருஷமும் ஒரு நாளும் கழிச்சு ரெண்டான்னு கேட்டா? இங்க யாரும் ஒன்ன கேக்க மாட்டாங்க. யோசிச்சுப் பாருங்க, ரெண்டு கேள்வியிலயும் கூடுதலா காத்திருக்க வேண்டியது அதே ஒரு நாள்தான், ஆனா "இன்னைக்கு"ங்கறது உள்ள வந்த உடனே நம்ம கணக்கு தலைகீழாயிடுது.

இதுலேர்ந்து முதல் வழி தானா கெடச்சுடுது: ரெண்டுமே தூரத்துல இருக்கும்போதே முடிவ எடுத்துடுங்க. தேலரும் ஷ்லோமோ பெனார்ட்சியும் அமெரிக்கால ஒரு கம்பெனி ஊழியர்கள்கிட்ட இதத்தான் செஞ்சாங்க. "இப்ப எதுவும் கட்ட வேணாம், அடுத்த இன்க்ரிமென்ட் வரும்போது சேமிப்ப ஏத்திக்கலாம், அதுக்கு இப்பவே ஒத்துக்கோங்க"ன்னு கேட்டாங்க, வேணாம்னா எப்ப வேணா வெளிய வந்துக்கலாம். முதல் தடவையா இத செஞ்சு பாத்த கம்பெனில சேந்தவங்களோட சேமிப்பு 40 மாசத்துல சம்பளத்துல 3.5 சதவீதத்துலேர்ந்து 13.6 சதவீதத்துக்குப் போச்சு, 2004ல அத வெளியிட்டாங்க. இதுல யாரும் மாசாமாசம் பல்லக் கடிச்சுக்கிட்டு ஆசைய அடக்கல, ஒரு தடவ தலையாட்டுனதோட சரி. நீங்களும் அதே மாதிரி சம்பள நாளன்னைக்கே பணம் தானா இன்னொரு அக்கவுண்டுக்குப் போற மாதிரி செட் பண்ணிடுங்க, பரீட்சைக்கோ கோர்ஸுக்கோ இப்பவே பீஸ் கட்டி தேதிய போட்டுடுங்க, ஓடப் போற ஃப்ரெண்டுகிட்ட இன்னைக்கே நேரம் சொல்லி வச்சிடுங்க. காலைல எந்திரிக்கிற அந்த இன்னொரு ஆளுக்கு யோசிக்க இடமே குடுக்காதீங்க.

ரெண்டாவது வழி ரொம்ப சாதாரணமா தெரியும், ஆனா எல்லாத்தையும் விட அதிகமா வேலை செய்றது இதுதான்னு நான் சொல்வேன். கண்ணுல படாம பண்றது. வால்டர் மிஷெல் ஸ்டான்ஃபோர்ட் யுனிவர்சிட்டில சின்னப் பிள்ளைங்கள வச்சு பண்ண மார்ஷ்மெல்லோ (பஞ்சு மாதிரி ஒரு மிட்டாய்) சோதனை பத்தி கேள்விப்பட்டிருப்பீங்க, இப்பவே சாப்பிட்டா ஒன்னு, நான் திரும்பி வர்ற வரைக்கும் காத்திருந்தா ரெண்டுன்னு. அதுல எல்லாரும் எந்தப் பிள்ளை ஜெயிச்சுதுங்கறதையே பேசுறாங்க, எப்படி ஜெயிச்சுதுன்னு பேசுறதே இல்ல. பண்டம் கண்ணு முன்னாடி இருந்தப்ப சீக்கிரம் கைய வச்சிட்டாங்க, மறைச்சு வச்சப்ப ரொம்ப நேரம் தாங்குனாங்க. முன்னாடியே இருந்தும் தாங்குன பிள்ளைங்க சில பேரு பாட்டு பாடுச்சு, கண்ண மூடிக்கிச்சு, திரும்பி உக்காந்துக்கிச்சு. உத்து பாத்துக்கிட்டே ஆசைய அடக்குறது அங்க நடக்கல. (சின்ன வயசுல காத்திருந்த பிள்ளைங்கதான் பெருசானா நல்லா வரும்னு ஒரு பேச்சு உண்டு. 2018ல 900க்கும் மேல பிள்ளைங்கள வச்சு திரும்பப் பாத்தாங்க, வீட்டுச் சூழல் மாதிரி விஷயங்களையும் கணக்குல சேத்ததும் அந்தத் தொடர்பு ரொம்பவே சுருங்கிடுச்சு. அதனால உங்க வீட்டுக் குட்டி முன்னாடி மிட்டாய வச்சு ஜாதகம் பாக்காதீங்க.)

ஆக, படிக்கற நேரத்துல ஃபோன் பக்கத்து ரூம்ல இருக்கணும், மேசை மேல கவுத்து வச்சா பத்தாது. ஷாப்பிங் ஆப்ல கார்டு நம்பர சேவ் பண்ணி வைக்காதீங்க, ஒவ்வொரு தடவையும் எந்திரிச்சுப் போய் கார்ட எடுத்து நம்பர் அடிக்கணும்னா பாதி ஆசை வழியிலயே செத்துடும். வீடியோ ஆப்ப ஒவ்வொரு தடவையும் லாக் அவுட் பண்ணுங்க, நோட்டிஃபிகேஷன ஆஃப் பண்ணுங்க. கெட்டதுக்கு நாலு படி, நல்லதுக்கு ஒரே படி, கணக்கு அவ்வளவுதான்.

சரி, எல்லாம் பண்ணியும் ஆசை வந்து நிக்குது, அப்ப என்ன பண்றது? அதுக்குத்தான் முன்கூட்டியே ஒரு வரி எழுதி வச்சுக்கணும். "இது நடந்தா நான் இத செய்வேன்"னு. பீட்டர் கோல்விட்சர்னு ஒரு உளவியலாளர் ரொம்ப வருஷமா ஆராய்ச்சி பண்ண விஷயம் இது. "இனிமே கம்மியா ஃபோன் பாப்பேன்"னு எழுதுனா அது வெறும் ஆசை. "சாப்பிட்டு முடிச்சதும் கை ஃபோன தேடுச்சுன்னா, எந்திரிச்சு தண்ணி குடிச்சிட்டு புக்க தொறப்பேன்"னு எழுதுனா அந்த நேரத்துல மூளை புதுசா எதையும் முடிவு பண்ண வேண்டியதில்ல. அதோட ஒரு பத்து நிமிஷம் தள்ளிப் போட்டுப் பாருங்க, வேணாம்னு சொல்லாதீங்க, பத்து நிமிஷம் கழிச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அரிப்பு ஏறும், ஒரு கட்டத்துல தானா இறங்கும், பல நேரம் எதுக்கு ஃபோன தேடுனோம்னே மறந்துடும்.

இன்னொன்னு, தூரத்து லட்சியம் ஏன் போரடிக்குதுன்னா அதுல இன்னைக்குன்னு ஒன்னும் கெடைக்கறதில்ல, அதனால இன்னைக்கு ஏதாவது கெடைக்கற மாதிரி பண்ணுங்க. கேட்டி மில்க்மேன்னு ஒரு பேராசிரியை, ஆளுங்கள இழுத்துப் புடிக்கிற ஆடியோ நாவல்கள ஜிம்முக்கு வந்தா மட்டும்தான் கேக்க முடியும்னு வச்சுப் பாத்தாங்க, ஆரம்பத்துல அந்த ஆளுங்க மத்தவங்கள விட 51 சதவீதம் அதிகமா ஜிம்முக்கு வந்தாங்க. ஆனா போகப்போக கொறஞ்சுது, முக்கியமா நடுவுல ஒரு விடுமுறை வந்ததும் பலன் போயிடுச்சு. அதனால ஊருக்குப் போயிட்டு வந்தாலோ காய்ச்சல்ல படுத்து எந்திரிச்சாலோ பழைய பழக்கம் தானா ஓடும்னு நம்பாதீங்க, திரும்ப முதல்லேர்ந்து செட் பண்ணுங்க.

அப்புறம் இந்த விஷயத்த யாரும் அவ்வளவா பேசறதில்ல. 2013ல செலஸ்ட் கிட்னு ஒருத்தங்க அதே மார்ஷ்மெல்லோ சோதனைய கொஞ்சம் மாத்துனாங்க. முதல்ல பிள்ளைங்ககிட்ட நல்ல கலர் பென்சில், ஸ்டிக்கர் கொண்டு வரேன்னு சொன்னாங்க, பாதிப் பேருக்கு சொன்ன மாதிரி கொண்டு வந்தாங்க, மீதிப் பேருக்கு கொண்டு வரல. ஏமாந்த பிள்ளைங்க சராசரியா 3 நிமிஷம்தான் காத்திருந்துச்சு, ஏமாறாத பிள்ளைங்க 12 நிமிஷம். சொன்ன வாக்க காப்பாத்தாத ஆள நம்பி யாரு காத்திருப்பா, எடுத்து வாயில போட்டதுதான் புத்திசாலித்தனம். நம்ம விஷயத்துல அந்த வாக்க குடுக்கறதும் நம்மதான், மீறறதும் நம்மதான், தினம் மூணு மணி நேரம் படிப்பேன்னு சொல்லி சொல்லி விட்டா உள்ள இருக்கற ஆள் நம்மள நம்ப மாட்டான்னு எனக்குத் தோணுது. அதனால வாக்க சிறுசாக்குங்க. இருவது நிமிஷம்னு சொல்லுங்க, சொன்னத செய்ங்க, முடிச்சதும் உங்களுக்குன்னு சொன்ன அந்த ஓய்வையோ படத்தையோ கண்டிப்பா குடுத்துடுங்க, "இன்னும் கொஞ்சம் படிச்சிடலாம்"னு அதையும் புடுங்காதீங்க, அதுவும் வாக்கு மீறுறதுதான்.

நடுவுல ஒரு நாள் சறுக்கும், சறுக்காம யாரும் இல்ல. அன்னைக்கு "போச்சு, அடுத்த மாசம் ஒன்னாந்தேதிலேர்ந்து பாத்துக்கலாம்"னு மட்டும் சொல்லிடாதீங்க. சறுக்குறதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் எங்க இருந்தீங்க, கூட யாரு, கைல என்ன இருந்துச்சுன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதுங்க. ஒரு வாரம் எழுதுனா அதே ரெண்டு மூணு இடம்தான் திரும்பத் திரும்ப வரும், மொதல்ல அந்த இடங்கள மட்டும் மாத்துங்க, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்.